கேளுங்க தம்பி: போனும் பலகையும்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், மூன்று ஸ்கேட்போர்ட். லீவு நாட்களில் பஸ் ஏறி நிலாவெளி, கிண்ணியா என்று போய் ஓட்டி, போனில் வீடியோ எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆள் எறும்பு மாதிரித் தெரிகிறார், படமும் ஆடுது. நல்ல கமரா வாங்கக் காசு சேர்க்கலாமா?
– உவர்மலை வாசகர், திருகோணமலை

பதில்: வேண்டாம் தம்பி, அந்தக் காசு பஸ்சுக்கும் சோடாவுக்கும் இருக்கட்டும். நீங்கள் தூர நின்று சூம் பண்ணி எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், பிழை அங்கேதான். 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000 கமராவை ஸ்கேட்காரர்கள் இன்றைக்கும் கொண்டாடுவதற்கு ஒரு காரணம் அதன் மேல் கைப்பிடி. அதைப் பிடித்துக் கமராவைத் தரையோடு தாழ்த்தி, மிக அகலமாகக் காட்டும் மீன்கண் லென்ஸ் மாட்டி, ஆளுக்குக் கை எட்டும் தூரத்தில் கூடவே உருண்டு போய் எடுத்தார்கள். உங்கள் போனிலும் 0.5 என்ற அகல லென்ஸ் இருந்தால் அதை வைத்து, போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் நிலத்துக்குக் கிட்ட வரும். மூன்று படி உள்ள படிக்கட்டுக் கூட மலை மாதிரி நிற்கும். பலகை பறந்து வந்தால் முதலில் காப்பாற்ற வேண்டியது உங்கள் பல்லை, போன் பிறகு.

ஆட்டம் கையால் மட்டும் வருவதில்லை. வித்தை காட்டும் சக்கரங்கள் 99ஏ, 101ஏ என்ற கடின அளவில் கல்லுப்போல இருக்கும், நம்ம ஊர்த் தார் வீதியில் ஒவ்வொரு சல்லியும் படத்தில் தெரியும். மூன்று பலகையில் ஒன்றுக்கு 78ஏ போல மெத்தென்ற சக்கரம் போட்டு, எடுப்பவரிடம் கொடுங்கள். சத்தமும் குறையும், ஓட்டுபவரின் பலகைச் சத்தம் தனியாகக் கேட்கும். அந்தச் சத்தத்தின் மேல் பாட்டைப் போட்டு மூடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் வெளிச்சம். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், டச்பே பக்கம் காலையில் கடலைப் பின்னால் வைத்தால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் வருவார். பின்னேரம் போனால் முகம் தெளிவாக விழும். நிழலுருவம்தான் வேண்டும் என்றால் அந்தி நேரத்தில் உள்துறைமுகப் பக்கம் போங்கள், அங்கே சூரியன் தண்ணிக்கு அப்பால் இறங்கும்.

இன்னொன்று, வித்தையை மட்டும் எடுத்தால் அது பயண வீடியோ இல்லை. பலகையை எங்கே வைக்கப் போறீங்க என்று கண்டக்டர் கேட்பது, விழுந்தவன் எழும்பி முழங்காலைத் தடவுவது, ஊருக்குள் திரியும் மான் ஒன்று பலகையை மோந்து பார்ப்பது, எல்லாம் இருக்கட்டும். ஒருவரே நாள் முழுக்கப் போனைப் பிடித்தால் கோபம் வரும், ஆகவே வித்தை சரிவந்தவர் அடுத்ததை எடுக்கட்டும்.

கேள்வி: பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழி நல்ல சரிவு. அங்கே எடுக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: எடுக்காதீர்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, கமராவைத் தப்பான பக்கம் திருப்பினால் பின்னேரம் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதைவிட, அந்த வழியில் வயசானவர்கள் தேங்காய்த் தட்டோடு ஏறி வருவார்கள், சரிவில் வேகம் எடுத்த பலகை அவர்களைப் பார்த்து நிற்காது.

கேள்வி: கடற்கரைக்குப் போய்வந்தால் சக்கரம் கிறீச்சிடுது.

பதில்: உப்பும் மணலும்தான். தண்ணியில் கழுவாதீர்கள். சக்கரத்துக்குள் இருக்கும் பெயரிங்கைக் கழற்றி, மூடியை ஊசியால் கிளப்பி, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் ஊறவைத்து நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு துளி விடுங்கள். துரு பிடித்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பெயரிங் விற்கும் கடையில் 608 என்று கேளுங்கள், ஸ்கேட்போர்டுக்கும் அந்த அளவுதான்.