32 என்றால் 32 இல்லை

கேள்வி: டல்லாஸில் இருக்கும் என் மகள் போன மாதம் வந்தபோது வாஷ்பேசினுக்கு ஒரு பாப்-அப் வேஸ்ட் வாங்கி வந்தாள். அமுக்கினால் மூடும், மறுபடி அமுக்கினால் திறக்கும். எங்கள் பழைய வேஸ்ட் கப்ளிங் (பேசின் ஓட்டையில் உட்கார்ந்து தண்ணீரைக் கீழே இறக்கும் துண்டு) பச்சை பூத்து ஒழுகிக்கொண்டிருந்ததால், சரி, இதையே போட்டுவிடலாம் என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். பேசின் ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் கீழே பாட்டில் ட்ராப்பின் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் கிண்ணம்) நட் பிடிக்கவே இல்லை. இரண்டுமே 1¼ அங்குலம்தான் சார்! அவர் டெஃப்லான் டேப்பை ரோல் ரோலாகச் சுற்றி, மேலே எம்-சீலை அப்பிவிட்டுப் போனார். நாலே நாளில் மறுபடி சொட்டுகிறது.
- ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: பிளம்பரைத் திட்டாதீர்கள், இது அளவின் பெயர் செய்த குளறுபடி. நம் ஊர்க் கடையில் 1¼ அங்குலம் அல்லது 32 மி.மீ. என்று கேட்டு வாங்கும் கப்ளிங்கை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், மரையின் வெளிவிட்டம் 42 மி.மீ. அருகே இருக்கும். அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துவாரத்தை வைத்து வந்த பெயர் அது. அமெரிக்காவில் அதே 1¼ என்பது கீழே தொங்கும் வழுவழுப்பான குழாயின் வெளிவிட்டம், அதாவது 31.75 மி.மீ., அதில் மரையே கிடையாது. அங்கே அந்தக் குழாயை ட்ராப்புக்குள் நுழைத்து, வாஷர் வைத்து நட்டால் இறுக்குவார்கள். இங்கே ட்ராப்பின் நட்டே கப்ளிங் மரையில் ஏறிப் பிடிக்கிறது. உங்கள் நட்டின் உள்மரை முனைக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் சுற்றிலும் மூன்றரை மி.மீ. இடைவெளி இருக்கும்போது எத்தனை சுற்று டேப் சுற்றி என்ன பயன்?

மகள் ஆசையாக வாங்கி வந்தது, மனசு வராதுதான். இருந்தாலும் கழற்றிவிடுங்கள். அமுக்கினால் மூடும் வகை இங்கேயே 32 மி.மீ. மரையோடு கிடைக்கிறது, இருக்கிற பாட்டில் ட்ராப்பில் அப்படியே ஏறும்.

வாங்கப் போகும் முன் பேசினின் உள்பக்கம், மேல்விளிம்புக்குக் கீழே, ஓவர்ஃப்ளோ ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கப்ளிங்கின் பக்கவாட்டில் துளை உள்ளதாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினில் துளை உள்ளதைப் போட்டால் தண்ணீர் கப்ளிங்குக்கும் பீங்கானுக்கும் நடுவே புகுந்து, கடைசியில் கீழ் வாஷர் ஒன்றை நம்பி நிற்கும்.

எம்-சீல் இறுகிப்போன இடத்தைச் சுத்தியலால் தட்டவே தட்டாதீர்கள், பீங்கான் தெறித்துவிடும். ஹேக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்து எடுங்கள், ட்ராப்போடு சேர்ந்து போனாலும் பரவாயில்லை. கீழே ஒரு வாளி வையுங்கள். அப்புறம், ட்ராப்பில் இருக்கும் அழுக்குத் தண்ணீரை அதே பேசினில் கொட்டிவிடாதீர்கள். நான் ஒருமுறை கொட்டியிருக்கிறேன், முழங்கால் வரை நனைந்தது.

புதியதை மாட்டும்போது மேல்விளிம்புக்கு அடியில் சிலிக்கான் தடவி, கீழே ரப்பர் வாஷர் போட்டு, நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கிய பிறகு ரெஞ்ச்சால் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு பேசினை மூடி நிறைய நீர் பிடித்து, ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கீழே செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். மெல்லிய கசிவு கண்ணுக்குத் தெரியாது, தாளில் தெரிந்துவிடும்.

கேள்வி: கண்ணாடி பேசின் வாங்கினோம். கப்ளிங் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாதியில் நின்றுவிடுகிறது, கப்ளிங் லொடலொடவென்று ஆடுகிறது. பேசின் கோளாறா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இல்லைம்மா. உங்களிடம் இருப்பது பாதி மரை கப்ளிங், தடிமனான பீங்கான் பேசினுக்கு உரியது. கண்ணாடி மெல்லிசு, மரை தொடங்கும் இடத்துக்கும் மேலே அது முடிந்துவிடுவதால் நட் அதைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறது. கடையில் ‘ஃபுல் த்ரெட்’ என்று கேளுங்கள், கழுத்து வரை மரை இருக்கும். பழையதைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.