கோக்கைனை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. பெங்களூரிலிருந்து கோத்தகிரி வீட்டுக்கே வந்துவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவானால் தாங்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

வார இறுதிப் பார்ட்டி, குடியோடு சேர்ந்த பழக்கம், இப்போது லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு மாதிரி என்றால் உங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். இது மருத்துவருக்கு மாற்று இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு சண்டைக்கு யாரும் வர வேண்டாம்.

மலைக்கு வந்ததால் ஏக்கம் குறைந்துவிடாது. அதைக் கிளப்பிவிடும் பொருள்கள் கண்ணில் படாமல் இருக்கின்றன, அவ்வளவுதான். கோக்கைன் மூளையில் டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து அதைத் தேக்கிவைக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் மூளை சேர்த்துப் பதிந்துகொள்கிறது: வெள்ளிக்கிழமை, சம்பளம் வந்த மெசேஜ், ஒரு பாட்டு, சுருட்டிய ரூபாய் நோட்டு, பீர் வாசனை. கோக்கைன் உடம்பை விட்டுப் போய் மாதக்கணக்கில் ஆனாலும் இந்தப் பதிவு போகாது. நிறுத்திய முதல் சில நாள் தூக்கமும் அசுரப் பசியுமாகப் போய்விடும். தவிப்பு பலருக்கு அதற்குப் பிறகுதான் ஏறும். ஐந்தாவது வாரத்தில் தவிப்பது தோல்வி இல்லை.

ஏக்கம் அலை மாதிரி வரும். ஒரு அலை பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தானாக வடியும். அலை எழுந்ததும் மணியைப் பாருங்கள். தவிப்பு பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் எழுத வேண்டாம், பழைய நம்பர் அதில்தானே இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதுங்கள். 8, 8, 6, 4 என்று இறங்குவதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பதுதான் இதில் மருந்து. இடையில் அறையை விட்டு வெளியே வாருங்கள். முகத்தில் குழாய்த் தண்ணீரை அடியுங்கள், கோத்தகிரியில் ராத்திரித் தண்ணீரே போதும். சாப்பிட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் இரண்டு முட்டையோ ஒரு கை வேர்க்கடலையோ உள்ளே போகட்டும். பசியையும் தூக்கக் குறைவையும் மூளை ஏக்கமாகவே படித்துவிடும். மனசுக்குள் ஓடும் படத்தையும் இடைவேளையில் நிறுத்தாதீர்கள். முதல் பத்து நிமிடச் சுகம் மட்டும்தான் அதில் ஓடும். விடிகாலை வரை, காலியான கணக்கு வரை ஓட்டுங்கள்.

"ஏக்கம் வந்தால் வெளியே நடந்துவிட்டு வா" என்று சமவெளிக்காரர்கள் சொல்வார்கள். இங்கே இரவு ஒன்பது மணிக்கு நடந்தால் எஸ்டேட் ரோட்டில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். வீட்டுப் படிக்கட்டில் பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள். நடையைக் காலையில், வெளிச்சம் வந்த பிறகு, 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகும். எனவே இரண்டு நம்பிக்கையான ஆட்களின் எண், போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416 எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

டீ ஊரில் டீயைக் குறை என்றால் கோபம் வரும். ஆனால் ஆறாவது டம்ளரில் வரும் படபடப்பும் அலை எழும்போது வரும் படபடப்பும் ஒன்றுபோல இருக்கும். மூன்று மணிக்கு மேல் சுக்கு காபியோ பாலோ குடியுங்கள். வர்க்கியைத் தொட்டுக்கொள்ளத் தடை இல்லை.

குடியைத் தொடவே கூடாது. கோக்கைனும் சாராயமும் சேர்ந்தால் கல்லீரலில் கோக்காஎதிலீன் உண்டாகும். இதயத்துக்கு அது இன்னும் கெடுதல். அது போக, "ஒரு பெக்தானே" என்பதுதான் திரும்பப் போகும் நேர்வழி. டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில்தான் தொடங்கியது. அப்பா வைத்த காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் அந்தக் கவுண்டருக்குப் போக வேண்டாம். வேறு யாராவது போகட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று மரத்துப்போகும் உணர்வு. கோக்கைனும் மூக்கையும் ஈறையும் மரக்கவைக்கும். பல் மருத்துவர் போடும் ஊசியில் ஈறு மரத்தாலே சிலருக்கு ஏக்கம் பொங்கும். முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள், துணைக்கு ஆளோடு போங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். அடைப்பு நீக்கும் ஸ்ப்ரேயை நாள்கணக்கில் அடித்தால் அடைப்பு கூடும்.

கோக்கைன் ஏக்கத்துக்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. "சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் சொட்டு மருந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். தூக்கத்துக்குக் கடையில் நீங்களே மாத்திரை வாங்குவதும், கஞ்சாவுக்கு மாறுவதும் வேறு குழியில் இறங்குவதுதான். பேச்சு வழிச் சிகிச்சைதான் வேலை செய்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். மே மாதச் சனிக்கிழமையில் மட்டும் போகாதீர்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் சீசனில் வண்டி நகர்வதில்லை. ஊட்டியில் படகு விட வருகிறவர்களுக்காக உள்ளூர் நோயாளி நடுரோட்டில் காத்திருக்கிறார். இதைச் சொன்னால் சுற்றுலாவுக்கு எதிரி என்கிறார்கள்.

போலீஸ் பயம் இருந்தால்: போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கிறது. பாதியில் விட்டால் அந்தக் காப்பு பறிபோகலாம்.

ஒருவேளை சறுக்கினால் பழைய அளவை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், உடம்பு அதைத் தாங்காது. நெஞ்சு வலித்தால் உடனே 108. கோக்கைன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் சில இதய மருந்துகளை அப்போது தவிர்ப்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அலை வடியட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் அப்போதே 14416-ஐ அழையுங்கள்.

பெரிய ஆபத்து நீங்கள் கீழே இறங்கும் நாள்தான். ஐந்து வாரமாகக் கண்ணில் படாததெல்லாம் ஒரே நாளில் எதிரே வந்து நிற்கும். சம்பள நாளையும் வெள்ளியையும் ஒட்டிப் போகாதீர்கள். ஞாயிறு காலைப் பேருந்தில் ஏறுங்கள், பெங்களூரில் இறங்கும் இடத்தில் ஒருவர் காத்திருக்கட்டும். பழைய நம்பர்களை இங்கேயே அழித்துவிட்டு, ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.