சேலம்–கோவை ஹைவே ஓரம் இருக்கும் எஸ்ஓஎஸ் (அவசர உதவி) போன் பெட்டியால் இப்போதும் பிரயோஜனம் உண்டா?

உண்டுங்க. கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் ராத்திரி விஜயமங்கலம் தாண்டி வண்டி நின்றுவிட்டால், “எங்கே இருக்கீங்க?” என்ற முதல் கேள்விக்கே வெளியூர்க்காரர் திணறிப்போவார். பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. பட்டனை அமுக்கினால் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கு மணி போகும். எந்தப் பெட்டியிலிருந்து அழைப்பு வருகிறது என்பது அங்கே திரையில் தெரிந்துவிடும். காசும் வேண்டாம், நம்பரும் ஞாபகம் இருக்க வேண்டாம். மேலே சோலார் தகடும் உள்ளே பேட்டரியும் இருப்பதால் கரண்ட் போனாலும் பேசலாம்.

பழைய ஒரு ரூபாய் காயின் போன் மாதிரி நினைக்காதீர்கள். அதில் வீட்டுக்கும் பேசலாம், கடைக்கும் பேசலாம். இது ஒரே இடத்துக்குத்தான் பேசும்.

சரி, பெட்டி பழுதாகிக் கிடந்தால்? அப்படியும் கிடக்கின்றன, வருத்தமான விஷயம். அப்போது 1033. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 24 மணி நேர உதவி எண் அது. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். கோவை போகும் பக்கமா, சேலம் போகும் பக்கமா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பக்கம் மாறினால் ஆம்புலன்ஸ் வெகுதூரம் சுற்றி வர வேண்டியிருக்கும்.

காத்திருக்கும்போது வண்டிக்குப் பின்னால் நிற்காமல் இரும்புத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நில்லுங்கள். எதிர்ப்புறப் பெட்டிக்காக மீடியனைத் தாண்டவே தாண்டாதீர்கள்.