மதிப்பீட்டாளர் மேல் புகாரா? அறிக்கையிலுள்ள சீலைப் பாருங்கள் முதலில்

கேள்வி: எங்கள் வீட்டை வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. மதிப்பீடு செய்ய வந்த இன்ஜினீயர் வாசலில் நின்று போட்டோ எடுத்ததோடு சரி. மாடியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர் லைசென்ஸை ரத்து செய்ய வைக்க முடியுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். அவர் மேல் நீங்கள் கொடுக்கும் புகாரால் ஏலம் நிற்காது. அதற்கு சர்ஃபாசி சட்டம் (வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 17-ஆம் பிரிவின்படி, வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். விற்பதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்குவது அந்தச் சட்டத்தின் 2002 விதிகளில் 8(5)-படி வங்கியின் கடமை. மாடி விடுபட்டதை அங்கே வாதமாக வையுங்கள்.

இனி லைசென்ஸ். வக்கீல்களுக்கு பார் கவுன்சில் உண்டு. எல்லா மதிப்பீட்டாளர்களுக்கும் பொதுவான அப்படியோர் அமைப்பு நம் நாட்டில் இல்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்து சீலில் ஐபிபிஐ/ஆர்வி என்று தொடங்கும் எண் இருந்தால், அவர் மதிப்பீட்டாளர்களையும் பதிவு செய்யும் இந்திய திவால் வாரியத்தில் (ஐபிபிஐ) பதிவு பெற்றவர். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017 விதிகளின்படி, 1,000 ரூபாய் கட்டணத்தோடு (திரும்பக் கிடைக்காது) வாரியத்துக்குத் தபாலிலேயே புகார் அனுப்பலாம். முகாந்திரம் இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். பதிவை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. அவர் சார்ந்த மதிப்பீட்டாளர் அமைப்புக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சீலில் இருப்பது வருமான வரித்துறைப் பதிவு என்றால் அந்தத் துறைக்குத்தான் எழுத வேண்டும். வங்கியின் பேனலில் (வங்கி தானே வைத்திருக்கும் மதிப்பீட்டாளர் பட்டியல்) மட்டும் இருப்பவர் என்றால் கிளை மேலாளரோடு நிற்காமல் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். பேனலிலிருந்து பெயர் போனால் பிழைப்பே போகும் என்பதால் பலர் இதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

‘மதிப்பைக் குறைத்துவிட்டார்’ என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. ஒரே வீட்டுக்கு இருவர் இரண்டு தொகை சொல்வது சகஜம். உள்ளே வராமலே ஆய்வு செய்ததாக எழுதியது, அறிக்கையில் உள்ள கட்டடப் பரப்பு அனுமதி வரைபடத்தோடும் வீட்டுவரி ரசீதோடும் ஒத்துப்போகாதது, அக்கம்பக்க விற்பனை ஒன்றைக்கூடக் காட்டாதது, இவைதான் ஒழுங்கீனம். கடைசிக் குறைக்கு வில்லங்கச் சான்றில் வரும் பத்திரங்களின் நகலே சாட்சி. அறிக்கை கைவசம் இல்லையென்றால், வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்து மூலமாகக் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் 5 மா நஞ்சையை 2 ஏக்கர் என்று போட்டு, மனை விலையில் மதிப்பிட்டிருக்கிறார். தெரியாமல் செய்ததா, மோசடியா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நம் பக்கத்துக் கணக்கில் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். 5 மா என்பது 1 ஏக்கர் 65 சென்ட்தான். பட்டாவில் ஏறக்குறைய 0.67 ஹெக்டேர் என்று இருக்கும். 35 சென்ட் கூடியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் மா கணக்கில் சறுக்குவது உண்டு. பட்டா, புல வரைபட நகலோடு திருத்திய அறிக்கை கேளுங்கள். கொடுத்துவிட்டால் அதோடு விடலாம். ஆதாரத்தைப் பார்த்த பிறகும் மறுத்தால் அது கவனக்குறைவு என்ற கணக்கில் வரும்.

மனை விலை போட்டதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவைப் பத்திரம் பதிய பதிவுச் சட்டம் 22-ஏ தடை போடுகிறது (20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானதற்கு விலக்கு உண்டு). வயலுக்கு மனை விலை போட அடிப்படையே இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, விவசாய நிலத்தின் மேலுள்ள அடமானத்துக்கு சர்ஃபாசி சட்டம் பொருந்தாது என்கிறது 31(ஐ) பிரிவு. அறிக்கையில் ‘வீட்டுமனை’ என்று ஏறிவிட்டால் நாளைக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்டு நீங்கள்தான் அலைய வேண்டும். நெல் சாகுபடி என்று காட்டும் அடங்கல் நகலை கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே வாங்கி, புகாரோடு இணையுங்கள்.

கேள்வி: ‘கடன் சாங்ஷன் ஆனால் அதில் ஒரு பங்கு கொடுங்கள்’ என்கிறார் மதிப்பீட்டாளர். கொடுக்கலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: கூடாது. முடிவைப் பொறுத்துக் கூலி வாங்குவதை பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017 விதிகளில் உள்ள நடத்தை நெறிகளே தடுக்கின்றன. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள்.