டாக்டரிடம் முதலில் வேலையைச் சொல்லுங்கள்

கேள்வி: என் கணவர் மாமல்லபுரம் பக்கம் ஒரு சிற்பக் கூடத்தில் 14 வருடமாகக் கருங்கல் வேலை செய்கிறார். மூன்று மாதமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கம் புள்ளிகள். சளியில் டிபி கிருமி இல்லை. ஆனாலும் டிபி மாத்திரை தொடங்கலாம் என்கிறார்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அவர் என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். எத்தனை வருடம், எந்தக் கல், உளியா மெஷினா, தண்ணீர் விட்டு அறுக்கிறாரா என்பது வரை. கல் தூசால் வரும் சிலிக்கோசிஸும் டிபியும் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் தொடங்கும். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தால் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடலாம். வீணாக டிபி மாத்திரை சாப்பிட்ட கல் தொழிலாளர்கள் நிறைய உண்டு.

அதற்காக டிபியே இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். கல் தூசில் உள்ள சிலிக்கா படிந்த நுரையீரலை டிபி சுலபமாகத் தொற்றும். சளியை, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்குக் கொடுங்கள். சி.டி. ஸ்கேனும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் தேவைப்படும். இதற்குத் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனைக்குப் போகலாம். மாத்திரை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூசைத்தான் தடுக்கும். கெடுதல் செய்வது தெரியாத தூசு. உளியில் சில்லு சில்லாகத் தெறிக்கும் கல், கிரைண்டர் மெஷினில் மாவாகப் பறக்கிறது. அந்த மாவு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அதை விழுங்க வரும் காவல் அணுக்கள் செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு விழும். விழுந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் தூசை இன்றே நிறுத்தினால் நோயின் வேகம் குறைய வாய்ப்புண்டு. சிலிக்கோசிஸ் உறுதியானால் தூசில்லாத வேலைக்கு மாறுவதுதான் சரி. மாஸ்க் போட்டுச் சமாளிக்கலாம் என்று இருக்கக் கூடாது. பீடி, சிகரெட் அறவே வேண்டாம்.

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருந்தது; அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே நோயின் பெயரையும் தொழிலையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கும் காட்டுங்கள். சம்பளச் சீட்டு, வேலை செய்யும் படம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கூடவே வேலை செய்பவர்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், இருமல் இல்லாவிட்டாலும்.