நான்கு பங்கு

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் சொந்தமாக வாங்கிய ஒரு ஏக்கர் சொச்சம் வயல் அவர் பெயரிலேயே கிடக்கிறது, உயில் இல்லை. நெடுநாளாக அண்ணன்தான் பயிர் செய்கிறார். துபாயில் இருக்கும் தம்பி, பிளாட் போட ஆள் இருக்கிறது, விற்று மூன்றாகப் பிரிப்போம் என்கிறான். அண்ணனோ தங்கையான என்னை, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மை இரண்டு பேரிடமும் 'சரி' என்கிறாள். நான் யார் பக்கம் நிற்பது?

ப., தோவாளை

அன்புள்ள ப.,

மூன்று பங்கு இல்லை, நான்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மைக்கும் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பெண்ணுக்குப் பங்கா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மூரில் இன்னும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் 1926 சட்டம் வரும்வரை மாமன் சொத்து பெரும்பாலும் அக்கா தங்கை பிள்ளைகளான மருமக்களுக்குத்தான் போனது. (அப்போதும் வழக்குக்குக் குறைவில்லை.)

அண்ணன் கோபம் எனக்குப் புரிகிறது. ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணை திறந்தது பேப்பரில் வந்துவிடும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது வேறு கதை. ராத்திரி டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய், மேலே எவன் மடையை அடைத்திருக்கிறான் என்று பார்த்து, சண்டை பிடித்துத் திறந்துவிட்டு, தண்ணீர் தன் வரப்பைத் தொடும்வரை அங்கேயே குத்தவைத்திருக்க வேண்டும். முதல் போகமான கன்னிப்பூ அறுப்பில் மழை பிடித்தால் நெல்லும் நனையும், வைக்கோலும் அழுகும். அறுப்பு மிஷினுக்கோ சேற்றில் நேரம் கூட, வாடகையும் கூட. இதற்கெல்லாம் யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை.

ஆனால் தம்பி அனுப்பிய பணத்தில் உங்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கல்யாணமா, மாடியா, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவா? அண்ணன் தான் பட்ட பாட்டைச் சொல்வதில்லை, தம்பி தன் பணத்தைச் சொல்வதில்லை. இரண்டு பேரும் சென்ட் விலையைத்தான் சொல்கிறார்கள்.

நான் வயல் அண்ணனிடம் இருக்கட்டும் என்பேன். விலை பிளாட் கணக்கில் வேண்டாம், வயல் கணக்கில் போடுங்கள். தம்பி பங்கை அவர் சில வருடத் தவணையில் கொடுக்கட்டும். பின்னால் அவரே பிளாட்டுக்கு விற்றால் கூடுதல் பணத்தில் எல்லோருக்கும் பங்கு என்பதையும் நல்ல வக்கீலை வைத்துப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. பிளாட்காரர் சொல்லும் விலையில் தம்பி மயங்கவும் வேண்டாம். 2016 கோர்ட் உத்தரவுக்குப் பிறகு அனுமதியில்லாத மனைகளைப் பதிய முடியாமல் எத்தனையோ பேர் அலைந்தார்கள். அதிலும் நஞ்சை என்றால் அனுமதி லேசில் கிடைக்காது.

விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பதிந்துவிட்டால் திருப்புவது பெரும்பாடு. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் எழுதிக்கொடுப்பது தானமும் ஆகாது. எல்லாக் கணக்கும் பேசி முடித்த பிறகு, அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள்.

இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் தம்பியை லீவு போட்டு வரச் சொல்லுங்கள். போனில் பேசினால் வழக்கில்தான் முடியும். அதற்கு முன்னால் அம்மையிடம் தனியாக, அவள் பங்கை என்ன செய்யப் போகிறாள் என்று கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேச்சு நடக்கும் அன்று அண்ணன் மனைவியான மைனியை அடுக்களைக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த வயலில் களை பறித்த கணக்கு அவருக்கும் இருக்கும்.