வாசகர் கேள்வி – பதில்: தூக்குத் தண்டனையும் திருச்சபையும்

கேள்வி: "மனுஷனுடைய இரத்தத்தை எவன் சிந்துகிறானோ, அவனுடைய இரத்தம் மனுஷனாலே சிந்தப்படக்கடவது" என்கிறது ஆதியாகமம் 9:6. அப்படியிருக்க, தூக்குத் தண்டனை வேண்டாம் என்று போதகர்கள் பேசலாமா?

பதில்: பேசலாம். அதற்கு முன்பே, தம்பியைக் கொன்ற காயீனை யாரும் கொன்றுபோடாதபடி கர்த்தரே அவன்மேல் அடையாளம் போட்டார் (4:15). மோசேயின் சட்டத்தில் மரண தண்டனை உண்டு. அதற்குக் கடிவாளமும் உண்டு. ஒரே சாட்சியை நம்பி ஒருவனைக் கொல்லக்கூடாது (எண்ணாகமம் 35:30). சாட்சி சொன்னவர்களின் கைகளே முதலில் கல்லெறிய வேண்டும் (உபாகமம் 17:7). பொய்ச்சாட்சி சொன்னவன் அடுத்தவனுக்கு எதை நினைத்தானோ அது அவனுக்கே வரும் (19:19). ஏழு ஆண்டுக்கு ஒருவரைக் கொல்லும் நியாயசங்கமே நாசகார சங்கம் என்று பிற்கால யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. எழுபது ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் அப்படித்தான் என்கிறார் அதே இடத்தில் ஒரு ரபி, அதாவது யூத மத போதகர்.

ஆதியாகமம் 9:6 மோசேக்கு முந்தியது, நோவா வழியாக மனித குலம் முழுமைக்கும் வந்தது என்பது எதிர்த்தரப்பின் வாதம். ரோமர் 13:4-ல் அரசின் கையிலுள்ள பட்டயத்தையும் (வாளையும்) காட்டுவார்கள். அமெரிக்கத் தென் பாப்டிஸ்டு சபைகள் 2000-ல் இந்த அடிப்படையில்தான் தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டன. தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. ஆனால் பவுல் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது என்கிறாரே தவிர, கொன்றே தீர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

கேள்வி: கத்தோலிக்கத் திருச்சபை நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதா?

பதில்: ஆம். பொதுநன்மைக்காகக் கொடிய குற்றவாளியைக் கொல்லலாம் என்றார் இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ். போப்பின் ஆட்சியில் இருந்த நாடுகளிலேயே 1870 வரை மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1995-ல் போப் இரண்டாம் யோவான் பவுல், அதற்கான தேவை அநேகமாக இல்லாமலே போய்விட்டது என்றார். 2018-ல் போப் பிரான்சிஸ், திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தியைத் திருத்தி, மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று எழுதவைத்தார்.

கேள்வி: மன்னித்துவிட்டால் தண்டனையே கூடாதா?

பதில்: இரண்டையும் குழப்பக்கூடாது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்சும் அவருடைய இரு மகன்களும் ஜீப்புக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அதனால் வழக்கு நின்றுவிடவில்லை, நம் சட்டத்தில் கொலை வழக்கைக் குடும்பத்தார் சமரசம் செய்து முடிக்க முடியாது. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-ல் மரண தண்டனை. 2005-ல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பகையை விட்டுவிடுவது கிளாடிசின் கையில் இருந்தது. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை.

கேள்வி: எங்கள் சபைக் குடும்பம் ஒன்றின் மகனுக்குத் தூக்கு விதித்திருக்கிறார்கள். ஜெபிப்பதைத் தவிர நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பதற்றத்தைக் குறையுங்கள். செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. அதன்பின் உச்ச நீதிமன்ற மேல்முறையீடு, அதிலும் தோற்றால் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு. சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உடனே எழுதுங்கள்.

கருணை மனுவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-இன் 472-ஆம் பிரிவுப்படி, உச்ச நீதிமன்றத்தில் தோற்ற தகவலைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும். முதலில் ஆளுநருக்கு. அவர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. தண்டனை பெற்றவர், வாரிசு, உறவினர் ஆகியோரைத்தான் அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. சபையார் ஆயிரம் பேர் கையெழுத்திட்ட கடிதத்தை மட்டும் நம்பி இருந்தால் கெடு தாண்டிப்போகும். தாயோ தகப்பனோ மனுதாரராக இருக்கட்டும். சபைக் கடிதம் இணைப்பாகப் போகட்டும்.

மனுவில் வேத வசனங்களை அடுக்காதீர்கள். குற்றம் நடந்தபோது அவருடைய வயது, மனநலச் சிகிச்சைச் சீட்டுகள், பள்ளிச் சான்று, சிறை நடத்தை அறிக்கை, குடும்ப நிலை ஆகியவற்றைச் சேருங்கள். இவற்றை இன்றே திரட்டத் தொடங்குங்கள், மேல்முறையீட்டிலும் உதவும். விசாரணை நீதிமன்றமே இத்தகைய விவரங்களைக் கேட்டுப்பெற வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மனு போட்ட தேதிக்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். காரணமற்ற நீண்ட தாமதம் தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் என்பது 2014 சத்ருகன் சௌகான் தீர்ப்பு.

கொலையுண்டவரின் வீட்டுக்கும் போங்கள். அங்கே மன்னிப்பைப் பற்றிப் பேசாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். அரசு இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க அதே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழி இருக்கிறது; அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.